ஃபிரேமுக்கு வெளியே

போட்டோ சாஃப்ட்வேரின் ஒவ்வொரு அப்டேட்டும் தளவாயிடமிருந்து ஒரு பட்டனைப் பிடுங்கிக்கொண்டுதான் எதையாவது கொடுக்கும். நேற்று வரை இடது ஓரத்தில் இருந்த, படம் வெட்டுகிற கத்தரிக்கோல், இன்று காலையில் பார்த்தால் மெனுவுக்குள் மெனுவாகப் போய் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கும். கோவில்பட்டியில் தலை நரைக்கும் அளவுக்கு ஸ்டூடியோ நடத்திய மனிதர், சொந்தக் கடையில் சொந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புதுசாக வாக்கப்பட்டு வந்தவள் மாமியார் வீட்டில் அஞ்சறைப்பெட்டியைத் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டிருப்பார்.

"இருந்த இடத்துல இருந்தா இவனுக்கு என்ன கேடு" என்று முகம் தெரியாத கம்பெனிக்காரனைத் திட்டுவார். திட்டிவிட்டுப் புதுப் பதிப்பில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவும் செய்வார். ஆசை யாரை விட்டது.

பன்னிரண்டாம் பதிப்பு முகங்களைத் தானாகவே வெளுத்தது. கரிசக்காட்டு வெயிலில் காய்ந்து கறுத்த சனமெல்லாம் ஆல்பத்தில் பால்கோவா நிறத்தில் சிரித்தது. யாரும் குறை சொல்லவில்லை; இன்னும் கொஞ்சம் வெளுக்காதா என்றுதான் கேட்டார்கள். பதினான்காம் பதிப்பு, மூடின கண்களைத் திறந்துவிட்டது. குரூப் போட்டோவில் யாராவது சிமிட்டியிருந்தால் அதுவே கண்டுபிடித்துத் திறந்து வைக்கும். நல்ல வசதிதான் என்று தளவாயும் நம்பினார். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் காலமானார். குடும்பத்தார் அவரை நாற்காலியில் சாய்த்து வைத்துச் சுற்றி நின்று கடைசிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தளவாய் அவசரத்தில் சரிபார்க்காமல் பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். படத்தில் எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது. பெரியவருடைய கண்ணும் திறந்திருந்தது. அந்த வீட்டு மூத்த மருமகளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. தளவாய் நேரில் போய்க் காலில் விழாத குறையாகக் கும்பிட்டுவிட்டு வந்தார். பிணத்தோடு நின்று போட்டோ எடுக்கிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அந்தக் கம்பெனிக்காரனுக்கு யார் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு வந்த பதிப்புகளை எல்லாம் அவர் சந்தேகத்தோடுதான் தொட்டார். பத்தொன்பதாம் பதிப்பு வந்த அன்றும் அப்படித்தான். ஒரு கல்யாணப் படத்தைத் திறந்ததும் திரையின் கீழே ஒரு கேள்வி வந்து நின்றது: "அறையை முழுவதும் காட்டவா?"

எந்த அறையை என்று தளவாய்க்கு விளங்கவில்லை. காட்டித் தொலை என்று அமுக்கினார்.

படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். அவர்களுக்கு வலப்பக்கம், படம் முடிகிற விளிம்பு, மெல்ல நகர்ந்தது. அங்கே ஒரு தூண் வந்தது. தூணுக்கு அந்தப்பக்கம் பாதி கடித்த வடையோடு ஒரு தாத்தா வந்தார். பிறகு இடப்பக்கம் விரிந்தது, மேலே விரிந்தது, சுற்றிச் சுற்றி மண்டபம் முழுக்க முளைத்துக்கொண்டே போனது. பந்திக்கு முந்துகிறவர்கள், செருப்பைத் தேடுகிறவர்கள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தவள். கடைசியில் மேடைக்கு எதிரே கேமராவே தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றான். அது தான்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவர் வேலை செய்வதை அவரே பார்த்ததில்லை.

"ஆத்தாடி" என்றார். கடையில் கேட்க வேறு ஆள் இல்லை.

ஆனால் ஊர் உலகத்துக்கு இது நல்லதா என்று மறு வாரமே தெரிந்துபோயிற்று. ஒரு பெண் வீட்டார் நிச்சயதார்த்தப் படத்தைப் பெரிசாக்கித் தரச் சொல்லி வந்தார்கள். பெருமைக்கு அவர்கள் முன்னாலேயே தளவாய் அறையைத் திறந்து காட்டினார். வெற்றிலைத் தட்டு வைத்திருந்த வெள்ளித் தாம்பாளத்தின் பளபளப்பில் இருந்து சாஃப்ட்வேர் ஒரு மூலையைத் தோண்டி எடுத்தது. அங்கே, தூண் மறைவில், மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டு இவர்கள் போட்ட சங்கிலியைப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கடை வாசலில் ஒரு போர்டு மாட்டினார்: "ஃபிரேமுக்கு உள்ளே இருப்பதற்கு மட்டுமே ஸ்டூடியோ பொறுப்பு. வெளியே பார்க்கப்படமாட்டாது."

செண்பகவல்லி வந்து நின்றது அந்தப் போர்டுக்குக் கீழேதான்.

பள்ளிக்கூடத்து டீச்சர். நெற்றியில் விபூதிக் கீற்று மட்டும். மகள் யாழினி எல்கேஜி படிக்கும்போது புருஷனை பைபாஸ் ரோட்டில் ஒரு லாரிக்குப் பறிகொடுத்தவள். அவளுடைய கல்யாணத்துக்குப் படம் எடுத்தது தளவாய்தான். இப்போது யாழினிக்குக் கல்யாணம். அதற்கும் தளவாய்தான் என்று பேசி முடிந்திருந்தது.

"வாங்க தங்கச்சி, முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார்.

"அது இல்ல அண்ணாச்சி. கல்யாணத்துக்கு முன்னால வீட்டுப் பெரியவங்களுக்குப் படையல் போடணும். எங்கய்யா படம் இருக்கு. யாழினி அப்பா படம் இருக்கு. எங்கம்மாவுக்கு ஒரு படம் கூட இல்ல."

"ஆவுடையம்மாளுக்கா? ஆதார் கார்டுல இருக்குமே."

"அதப் பாத்தா எங்கம்மா மாதிரியா இருக்கு? எவன் வீட்டு ஆட்டையோ களவாண்டு போலீஸ்ல மாட்டுன மாதிரி இருக்கு" என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. "எங்கய்யா போன நாள்ல இருந்து அம்மா எந்தப் படத்துலயும் நிக்கல. நல்ல காரியத்துல நான் எதுக்குன்னு ஒதுங்கிருவா. என் கல்யாணத்துல தாலி கட்டும்போது கூட ஸ்டோர் ரூம்லதான் உக்காந்திருந்தா. கோமு அத்தை போயி இருன்னு சொல்லிட்டா. நான் மணவறையில உக்காந்துக்கிட்டு வாயத் தொறக்கல."

"சரி."

"நீங்கதான் அன்னைக்கு அவ்வளவு படம் எடுத்தீங்க. எந்த மூலையிலயாச்சும் அம்மா இருப்பா. புதுசா ஏதோ வந்திருக்காமே, அறை முழுசும் காட்டுதாமே."

தளவாய் கையை ஆட்டினார். "போர்டப் பாருங்க தங்கச்சி. ஒரு கல்யாணத்த நிப்பாட்டின பாவமே எனக்குப் போதும். வெளிய இருக்கது வெளியவே இருக்கட்டும்."

"உள்ள இருக்கவங்க படமெல்லாம் எங்கிட்டயே இருக்கு அண்ணாச்சி. வெளிய நின்னவளத்தான் கேக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் அவள் இன்னொன்றையும் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். முழு நேரமும் இல்லை, தாலி கட்டுகிற நேரம் மட்டும் பெண்ணின் அம்மா மேடையில் வேண்டாமே என்று. அதைக் கேட்டுக் கோபத்தில் சட்டியைப் போட்டு உடைத்த யாழினி இன்னும் அடங்கவில்லை. "நீ பக்கத்துல நிக்கலன்னா நான் தலையக் குனிய மாட்டேன்" என்று நிற்கிறாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஸ்டோர் ரூம்லயே இருந்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன். எங்கம்மாவே இருந்தா, நான் இருக்க மாட்டேனா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குப் பயம் அண்ணாச்சி. படிச்சவதான். பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கவதான். ஆனா நாளைக்கு யாழினிக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் மேடையில நின்னதாலன்னு ஊரு சொல்லாட்டியும் என் மனசு சொல்லும்லா?"

தளவாய் எழுந்து பீரோவைத் திறந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வேட்டித் துணியில் சுற்றி வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஊரில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஆல்பம் கொடுத்ததும் அழித்துவிடுவார்கள். இவருக்குக் குப்பையைக் கூடப் போட மனசு வராது. அவள் கல்யாணம் இருந்த டிஸ்க் ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது.

"இது எப்பிடித்தான் கண்டுபிடிக்கு?" என்று கேட்டாள் டீச்சர்.

"வெளிச்சம் சும்மா இருக்குமா? மண்டபம் பூராவும் முட்டி மோதித்தான கேமராவுக்குள்ள வருது. பளபளன்னு எது இருந்தாலும் எதிர்த்தாப்புல இருக்கது அதுல துளியூண்டு விழும். முன்னால அதத் தூசின்னு சொல்லி நாங்களே துடைச்சு எறிஞ்சோம். இப்போ ஆயிரம் படத்துல இருக்க அந்தத் துளிய எல்லாம் கூட்டி ஒண்ணாத் தைக்கு. வெளிநாட்டுல இது அரைகுறையாத்தான் வருதாம். நம்ம கல்யாணத்துல கண்ணாடிக்கு என்ன பஞ்சம்? குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, எவர்சில்வர் அண்டா, பொம்பளைக கழுத்துல கிடக்க நகை, ஐயர் மண்டை."

அவள் சிரித்தாள். அவர் அமுக்கினார்.

மண்டபம் எழும்பி வந்தது. தளவாய் எத்தனையோ முறை பார்த்துவிட்டார், இருந்தும் இந்தத் தடவை அவர் கை மவுஸில் இருந்து நழுவியது. ஏனென்றால் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். செத்துப்போனவர்கள் எல்லாம் அங்கே நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பெரியப்பா முண்டாசோடு சமையல்காரனை விரட்டினார். மாமா ஒருத்தர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கல்கண்டை அள்ளி மடியில் கட்டினார். மேடையில் அவள் புருஷன், சின்னப் பையன், வேட்டி நழுவிவிடுமோ என்கிற கவலையில் இடுப்பையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு பெல்ட்டு மறந்துட்டாக" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. துடைத்தால் அந்த நேரத்துக்குப் பார்க்க முடியாதே.

தளவாய் முகூர்த்த நேரத்துக்கு வந்தார். ஸ்டோர் ரூம் வாசல் அண்டாவில் தெரிந்தது. உருட்டி, பெரிசாக்கி, உள்ளே போனார். தேங்காய்க் குவியல், வாழைத்தார், ஒரு முக்காலி. முக்காலியில் யாரும் இல்லை.

"அம்மா அங்கதான் இருந்தேன்னு சொன்னா."

"வேற எங்கயாச்சும் எந்திரிச்சுப் போயிருப்பாக. பாப்போம்."

பந்திக் கூடத்தில் இல்லை. சமையற்கட்டில் இல்லை. பின்வாசல் குழாயடியில் இல்லை. மாடிப்படியில் ஒரு சோடி ரகசியம் பேசிக்கொண்டிருந்தது. தளவாய் சட்டென்று அதைத் தாண்டிப் போனார். எங்கேயும் ஆவுடையம்மாள் இல்லை. செண்பகவல்லியின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"வீட்டுக்கே போயிட்டா போல" என்றாள். "எம்மேல அவ்வளவு வருத்தமா இருந்திருக்கு. நான் ஒரு வார்த்தை, அம்மா இருக்கட்டும்னு சொல்லியிருந்தா இருந்திருப்பா."

தளவாய் திரையையே பார்த்தார். சாஃப்ட்வேர் மட்டும் விடவில்லை. கடைசியாக மணப்பெண்ணின் மூக்குத்தியை எடுத்துக்கொண்டது. தாலி ஏறுகிற நேரத்துப் படங்கள் எல்லாவற்றில் இருந்தும் அந்த ஒரு கல்லில் விழுந்த துளிகளைச் சேர்த்தது. மேடைக்கு எதிரே, கேமராவுக்கு இடப்பக்கம், வீடியோ லைட் கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக வந்தது. லைட்டுக்குக் கீழே பிடித்திருந்த கை வந்தது. அதற்குக் கீழே சேலைக் கரை வந்தது. கரைக்குக் கீழே வெறும் கால், மெட்டி இல்லாத கால்.

தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு லைட் பிடித்தவன் சுடலைமணி. இப்போது சாத்தூரில் பந்தல், லைட்டு, சவுண்டு என்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறவன். அவன் எந்தக் காலத்தில் சேலை கட்டினான்?

"இது எங்கம்மா காலு" என்றாள் செண்பகவல்லி.

தளவாய் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏல சுடலை, ஆவுடையம்மா மக கல்யாணத்துல முகூர்த்த நேரம் லைட்ட யாருல பிடிச்சா?"

"இம்புட்டு வருசம் கழிச்சுக் கேக்கீங்க அண்ணாச்சி. அது நான் சத்தியம் பண்ணிக் குடுத்தது."

"சத்தியம் வாங்குனவுக போயிச் சேந்தாச்சு. மக எம் பக்கத்துல இருக்காக. சொல்லு."

சுடலைமணி பெருமூச்சு விட்டான். "அன்னைக்குக் காலையில நான் ஒண்ணும் சாப்பிடல அண்ணாச்சி. தலை சுத்திட்டு வந்துச்சு. ஸ்டோர் ரூம் வாசல்ல போயி நின்னேன். அந்தம்மா ரெண்டு வாழப்பழம் உரிச்சுக் குடுத்தாக. பெறவு மெதுவாக் கேட்டாக, 'தம்பி, அந்த லைட்டு ரொம்பக் கனமா'ன்னு. கனமில்லம்மா, கை அசையாமப் பிடிக்கணும், அதான்னு சொன்னேன். 'அப்போ நான் பிடிக்கேன், நீ போயிப் பந்தியில உக்காரு'ன்னாக. எனக்கு வெலவெலத்துப் போச்சு. யாராச்சும் பாத்துட்டா அண்ணாச்சி என்னைத் தொலைச்சுருவாகன்னேன். அதுக்கு அந்தம்மா சிரிச்சாக. 'லைட்டுக்குப் பின்னால நிக்கவள யாரு தம்பி பாக்கப் போறா'ன்னாக. என் துண்ட வாங்கித் தலையில சுத்திக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டாக."

அன்றைக்கு மேடைக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் ஆவுடையம்மாள் நின்றிருக்கிறாள், தளவாய் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோகிராபர் எதுக்குத் திரும்பப் போகிறான்? "அந்தப் படத்துல வெளிச்சம் ஒரு பொட்டு ஆடல" என்றார். "உன்னைய அதுக்காக ஊரு பூராவும் மெச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. அதச் சொல்லவான்னு தெரியல." தயங்கிவிட்டுச் சொன்னான். "அவுக மருமகப்பிள்ளை தவறின சமயம் அந்தம்மா என் வீடு தேடி வந்தாக. 'நான் பிடிச்ச வெளிச்சத்துலதான தம்பி தாலி ஏறுச்சு, அதான் இப்பிடி ஆயிருச்சு'ன்னு சொல்லி அழுதாக. எம் மகளுக்கு மட்டும் தெரிஞ்சுரக் கூடாதுன்னு அப்பத்தான் சத்தியம் வாங்குனாக."

போன் அணைந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"லாரிக்காரன் குடிச்சிருந்தான்" என்றாள் செண்பகவல்லி. பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது அவளுக்கு. "கோர்ட்டுல நிரூபிச்சாச்சு. ராங் சைடுல வந்தான். எங்கம்மா லைட்டுதான பிடிச்சா. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? சாகுற மட்டும் இத நெஞ்சுல வச்சுக்கிட்டுக் கிடந்திருக்காளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, அறிவு கெட்ட மனுசி." அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

தளவாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அழட்டும் என்று விட்டுவிட்டார்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் கேட்டாள்: "அம்மா மேல தப்பில்லன்னு எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டேன் பாத்தீங்களா. எம்மேல இல்லன்னு சொல்ல மட்டும் ஏன் அண்ணாச்சி வாய் வர மாட்டேங்கு?"

தளவாய் மவுஸைப் பிடித்தார். புதுப் பதிப்பில் நிற்கிற இடத்தை மாற்றிப் பார்க்கலாம். கேமரா நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும் என்றில்லை. அவர், பார்க்கிற இடத்தைக் குறிக்கிற புள்ளியைத் தூக்கி லைட்டுக்குப் பின்னால், அந்தச் சேலைக் கரைக்கு மேலே, ஒரு பெண்பிள்ளையின் கண் இருக்கக்கூடிய உயரத்தில் வைத்தார்.

மேடை வந்தது. ஆனால் அது தளவாய் எடுத்த படம் இல்லை. அவர் படத்தில் பெண் கொஞ்சம் பக்கவாட்டில் பார்ப்பாள். மாப்பிள்ளையைப் பார்க்காமல் எங்கேயோ பார்க்கிறாளே என்று அந்த ஆல்பத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் அவள் நேராகப் பார்த்தாள். கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் மஞ்சள் அரிசி அந்தரத்தில் நிற்கிறது. அவள் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, பார்க்கிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி திரைக்குப் பக்கத்தில் போனாள். "கண்ணு கூசுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. அத்தை தலையக் குனின்னு அதட்டினா. ஆனாலும் நான் அந்த லைட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"இதான் தங்கச்சி ஆவுடையம்மா பாத்தது" என்றார் தளவாய். இந்த மிஷினை இனிமேல் திட்டக் கூடாது என்று அந்த நிமிஷம் நினைத்தார்.

மிஷினுக்கு ஒரு குறை இருந்தது. லைட் பிடித்த உருவத்தில் கழுத்துக்கு மேலே வெறும் வெளிச்சம்தான். முகம் இருக்கிற இடத்தில் கேள்வி கேட்டது: "போதிய தகவல் இல்லை. கணித்து நிரப்பவா?"

"ஆதார் படத்த வச்சு நிரப்பச் சொல்லலாம். அச்சு அசலா வந்துரும்" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் அண்ணாச்சி. அவளா மறைச்சுக்கிட்ட முகம். நாம எதுக்குத் தொறக்கணும்? இப்பிடியே பிரின்ட் போடுங்க. படையலுக்கு அது போதும். அவ பாத்த படத்துலயும் ஒண்ணு போடுங்க, அது எனக்கு."

போகும்போது மேடையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தளவாயும் கேட்கவில்லை.

முகூர்த்தத்தன்று மேளக்காரர் சத்தத்தில் மண்டபம் அதிர்ந்துகொண்டிருந்தது. தளவாய் மேடைக்கு எதிரே நின்று ஃபிரேமைச் சரிபார்த்தார். மாப்பிள்ளை, யாழினி, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், கோமு அத்தை. கோமு அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, அதிகாரம் மட்டும் குறையவில்லை. யாழினி சொன்னபடிக்கே தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயர் தாலியை எடுத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார். தளவாய் கண்ணைக் கேமராவில் இருந்து எடுக்காமலே, செண்பகவல்லி வராமல் போயிருவாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி ஸ்டோர் ரூமில் இருந்து வரவில்லை. மண்டபத்தின் நடுவழியாக, அரக்குப் பட்டில், எல்லோரும் பார்க்க நடந்து வந்து மேடை ஏறினாள். கோமு அத்தை கையைக் காட்டி ஏதோ சொன்னாள். மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சம்பந்தி அம்மாள் முகம் ஒரு மாதிரி ஆனது, பிறகு என்ன நினைத்தாளோ, அரை அடி நகர்ந்து இடம் விட்டாள். மகளின் தோளுக்குப் பக்கத்தில், ஃபிரேமின் விளிம்பில் தட்டுகிற மாதிரி செண்பகவல்லி நின்றாள். யாழினி பின்னால் கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு தலையைக் குனிந்தாள்.

தொழிலுக்கு வந்த நாளில் இருந்து "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் தளவாய். அன்றைக்குக் கத்தினார்: "இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க தங்கச்சி. இன்னும் கொஞ்சம்."

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அவர் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்த அன்று காலையில் கம்ப்யூட்டரில் இருபதாம் பதிப்பு வந்து குந்தியிருந்தது. கத்தரிக்கோல் மறுபடியும் இடம் மாறியிருந்தது. இனிமேல் படங்களைத் தானாகவே ஒழுங்கு செய்யும் என்று ஒரு அறிவிப்பு. தாலி கட்டுகிற படத்தைத் திறந்தார். செண்பகவல்லியைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது.

"இந்த நபர் இந்தக் காட்சிக்குப் பொருந்தவில்லை. நீக்கவா?"

தளவாய் மறுபடியும் படித்தார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எவன் இதற்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் என்று கேட்டுக்கொண்டு கையை ஓங்கினவர், ஓங்கின கையை இறக்கிவிட்டார். கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்? பிணத்தோடு போட்டோ எடுப்பது தெரியாத ஆள் அவன். இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்கள் கம்பெனிக்கு அனுப்பி வைத்த முகூர்த்தப் படங்களை எல்லாம் மிஷின் உட்கார்ந்து படித்திருக்கிறது. மேடையில் யார் நிற்பார்கள், யார் நிற்கமாட்டார்கள் என்று வாத்தியார் இல்லாமலே கற்றுக்கொண்டிருக்கிறது. படித்த படங்களில் அவர் எடுத்ததும் சேர்த்தி.

"இல்லை" என்பதை அமுக்கினார்.

"காரணம்?" என்று கேட்டு ஒரு கட்டம் திறந்தது.

என்ன எழுதுவது என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. இரண்டு விரலால் தட்டினார்: பெண்ணின் அம்மா.

சிவப்பு வட்டம் மறைந்தது. மிஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு செண்பகவல்லி வந்து போன பிறகு பீரோவில் இருந்து எடுத்து மேசையில் செருகி வைத்திருந்த பழைய டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. அவர் எதையும் தொடவில்லை. திரையில் எந்தக் காலத்துக் கல்யாணமோ ஒன்று திறந்தது. படத்தின் விளிம்பு நகர்ந்து, தூணுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தியிடம் போய் நின்றது. கீழே ஒரு கேள்வி வந்தது.

"இவரும் பெண்ணின் அம்மாவா?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுத்தது திறந்தது. சமையற்கட்டு ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் ஒரு முகம். அதற்கடுத்து மாடிப்படி வளைவில் ஒரு முகம், அதற்கடுத்து பந்திக் கூடத்துக் கதவிடுக்கில் வெறும் ஒரு கண். ஒவ்வொன்றுக்குக் கீழேயும் அதே கேள்வி. திரை போதாமல் முகங்கள் சிறுத்துச் சிறுத்து வரிசை கட்டின. அவர் படம் எடுத்த அத்தனை மண்டபங்களில் இருந்தும் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

தளவாய் எழுந்து போய் வாசலில் மாட்டியிருந்த போர்டைக் கழற்றி உள்ளே வைத்தார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்தில் இருந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.